மானின் வாயிலிருந்து நெஞ்சுவரை

மனிதருக்கும் மிருகத்துக்கும் ஒரே பேச்சாக இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் மான் வந்து சுகம் விசாரிக்கும், தவளை வழக்குப் பேசும், அண்டங்காக்கை ஊர்வம்பு கொண்டுவரும். ஆகா, எவ்வளவு நல்ல காலம் என்று வாயைப் பிளந்துவிட வேண்டாம். பேச்சு இருந்த இடத்திலெல்லாம் சந்தேகமும் இருந்தது. சொன்னது மெய்யா பொய்யா என்ற கேள்வி பேச்சோடு கூடப் பிறந்தது.

அமெரிக்காவின் தென்மேற்கு மூலையில், உச்சியைச் சீவி எடுத்ததுபோல் தட்டையாக நிற்கும் சிவந்த மலைகளுக்கு அடியில், ஜூனி என்ற மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய பழைய தண்ணீர்ப் பானைகளில் தவளை, தட்டான், பறவை, மான் என்று வரைந்திருக்கும். அந்த மானைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதன் வாயிலிருந்து ஒரு சிவப்புக் கோடு புறப்பட்டு, தொண்டை வழியாக உள்ளே இறங்கி, நெஞ்சில் ஓர் அம்பு முனையாக முடியும். ஏன் என்று ஜூனிக்காரர்களைக் கேட்டால் அவர்களுக்கென்று ஒரு காரணம் இருக்கும். அதை நமக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. நான் சொல்லப்போவது அவர்கள் சொன்ன கதை அல்ல. அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்து நானாகக் கட்டிக்கொண்டது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நம்பாமல் இருப்பது பற்றித்தான் கதையே.

அந்த ஊரில் லயூசா என்று ஒருத்தி இருந்தாள். பானை செய்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. சந்தேகப்படுவதிலும் அப்படித்தான். யாராவது ஒரு கூடை மக்காச்சோளம் கொடுத்தால், கூடையைக் கவிழ்த்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே வாங்குவாள். வெயில் அடித்தால் மழையை விரட்டுகிறது என்பாள், மேகம் வந்தால் ஏமாற்ற வந்திருக்கிறது என்பாள். அவள் புருஷன் நாயூட்டி வேட்டைக்குப் போய் முயலோடு திரும்பினால், முயலின் காதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது நேத்தே செத்தது. யார்கிட்ட வாங்கின?" என்று கேட்பாள். அங்கே வீடு பெண்ணுக்குச் சொந்தம். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருக்க வேண்டும். ஆகவே நாயூட்டி முயலை உரிக்கப் போய்விடுவான்.

இந்த உலகத்தில் அவள் சந்தேகப்படாதது ஒன்றே ஒன்று. அது, தான் செய்த பானை.

கோடை வந்தால் எல்லாரும் ஊரைவிட்டு வயல் பக்கம் போய்ப் பந்தல் போட்டுத் தங்குவார்கள். களிமண்ணால் வரம்பு கட்டிய சின்னச் சின்னச் சதுரப் பாத்திகள். அதற்குள் அவரையும் பூசணியும். மழையை நம்பிப் பயனில்லாத பூமி அது. பெண்கள் ஊற்றிலிருந்து தலையில் பானை வைத்துச் சுமந்து வந்து, சுரைக்குடுக்கையால் செடிக்குச் செடி ஊற்ற வேண்டும். பக்கத்து ஊற்று கோடை நடுவில் வற்றிவிடும். வேறு எந்த மலையிடுக்கில் தண்ணீர் சுரந்திருக்கிறது என்பது மானுக்குத்தான் தெரியும். ஆண்டுதோறும் ஒரு கொம்புமான் வந்து, இன்ன பாறைக்குப் பின்னால், இன்ன இடத்தில் என்று சொல்லிவிட்டுப் போகும். அந்தச் சொல் வராவிட்டால் பாத்தி காய்ந்துவிடும், குழந்தைகள் தாகத்தில் துவண்டுவிடும். ஊரே அந்த மானின் வாயைத்தான் நம்பியிருந்தது. லயூசாவும் வேறு வழியில்லாமல் நம்பினாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் கோடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

பானை செய்கிறவர்களிடம் அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதுக் களிமண்ணை மட்டும் பிசைந்து பானை செய்யமாட்டார்கள். உடைந்த பழைய பானைகளின் ஓடுகளை இடித்துத் தூளாக்கி அதில் கலப்பார்கள். ஒரு முறை நெருப்பைப் பார்த்துவிட்ட மண் அது. புது மண்ணை வெடிக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒரு வீட்டில் பானை உடைந்தால் ஓடுகளைக் கொட்டமாட்டார்கள். பொறுக்கி வைத்திருந்து, பானை செய்கிற பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுப்பார்கள்.

லயூசாவின் அக்கா கியாசி அப்படித்தான் ஒரு கூடை ஓடு கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்தடுத்த பாத்தி அவர்கள் இருவருக்கும்.

"இந்தாடி, பெரிய பானை செய்யப் போறேன்னியே. நல்ல ஓடு, அம்மா காலத்துப் பானை."

லயூசா கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஓடுதான் இருந்தது. அதனாலேயே அவளுக்குச் சந்தேகம் கூடிவிட்டது. இவள் எதற்கு இவ்வளவு தாராளமாகத் தருகிறாள்? அம்மா பானை எப்படி உடைந்தது? உடைந்த பானையின் கேடு தன் பானைக்கு ஒட்டிக்கொள்ளட்டும் என்றுதானே? அக்கா போகிறவரை சிரித்துக்கொண்டிருந்துவிட்டு, கூடையை வரம்புக்குப் பின்னால் கொட்டினாள். வெறும் களிமண்ணில் கொஞ்சம் மணலைப் போட்டுப் பிசைந்து, ஓர் ஆளே உள்ளே உட்காரலாம் என்கிற மாதிரி வயிறு பெருத்து, வாய் சிறுத்த ஒரு பானை வனைந்து சுட்டாள். சுடும்போது அது வெடிக்கவில்லை. "பார்த்தியா?" என்று யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள்.

பந்தலுக்கு அடியில் ஒரு குழி பறித்து, பானை ஆடாதபடி அடிப்பாகத்தை அதில் இறக்கி, சுமந்து வந்த தண்ணீரையெல்லாம் அதில் நிரப்பி வைத்தாள்.

மறுநாள் காலையில் பார்த்தால் தண்ணீர் குறைந்திருந்தது.

யார் எடுத்தார்கள்? உள்ளே கரியால் ஒரு கோடு போட்டு வைத்தாள். அடுத்த காலையில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே கிடந்தது. நாயூட்டியின் வாயை முகர்ந்து பார்த்தாள். தண்ணீருக்கு என்ன வாசனை இருக்கும் என்று அவன் கேட்டான். அதுகூடத் திருடன் கேட்கிற கேள்வியாகத்தான் அவளுக்குப் பட்டது. பிறகு கியாசியின் பாத்தியைப் போய்ப் பார்த்தாள். அவரைச் செடி பச்சையாக இருந்தது. தன்னுடையதைவிட அதிகப் பச்சை. திரும்பி வந்து பானையைச் சுற்றிச் சாம்பலைத் தூவி வைத்தாள். எந்தத் திருடனும் காலில்லாமல் வரமாட்டான் அல்லவா?

காலையில் சாம்பலில் குளம்படி இருந்தது. குழியின் ஓரத்தில் மண்ணை யாரோ நக்கியெடுத்த தடமும் இருந்தது.

பந்தல் கம்பின் மேல் அண்டங்காக்கை உட்கார்ந்திருந்தது. "நான் பொய் சொல்ல மாட்டேன். மான் வந்துச்சு. போறப்ப அதோட வாய் ஈரமா இருந்துச்சு. இவ்வளவுதான் நான் பார்த்தது. மிச்சத்தை நீயே நினைச்சுக்கோ" என்றது. சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அண்டங்காக்கையின் கெட்டிக்காரத்தனமே அதுதான்.

மான் அன்று மதியமே வந்தது. எலும்பு தெரிய இளைத்திருந்தது. ஊற்றைத் தேடி எத்தனை மலை ஏறி இறங்கியதோ. லயூசா அதை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"என் தண்ணியை நீதானே குடிச்ச?"

"குடிக்கல. நக்கினேன்."

"அது வேற, இது வேறயா?"

"பானை வாயைப் பாரு, என் கொம்பைப் பாரு. என் தலை அதுக்குள்ள நுழையுமா? பானைக்கு அடியில மண் ஈரமா இருந்துச்சு. தாகம் தாங்கல, நக்கினேன்." மான் கொஞ்சம் தயங்கியது. பிறகு, "உன் பானை ஒழுகுது, லயூசா" என்றது.

திருடினேன் என்று அது ஒப்புக்கொண்டிருந்தால்கூட லயூசா மன்னித்திருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை அவளால் பொறுக்க முடியவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"என் பானையா? என் பானையா ஒழுகுது? கொம்பைச் சாய்ச்சு உள்ள விட்டுக் குடிச்சிட்டு, பழியைப் பானை மேல போடுறியா? சரி, ஊத்து எங்க? அதைச் சொல்லு."

"இன்னும் தெரியல. வடக்கு மலையில ஈர வாசனை வருது. இடம் பிடிபடல. இன்னும் கொஞ்சம் பொறு."

"தெரியலயா, சொல்ல மனசில்லயா?"

மான் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு வடக்கே நடந்தது.

சத்தம் கேட்டு வந்த கியாசி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அடியே, குழிக்குள்ள கையை விட்டுப் பானைக்கு அடியில தொட்டுப் பாரேன். ஒரு நொடி வேலை. ஈரம் இருந்தா மான் சொன்னது நிஜம், இல்லாட்டி பொய். எதுக்கு இவ்வளவு கூச்சல்?"

"நீயும் அதுக்குப் பரிஞ்சு பேசுறியா? உன் செடி மட்டும் எப்படிப் பச்சையா இருக்கு?"

"நான் விடியுமுன்ன தண்ணி ஊத்துறேன். நீ வெயில் ஏறினப்புறம் ஊத்துற" என்று சொல்லிவிட்டுக் கியாசி போய்விட்டாள்.

ஒரு நொடி வேலைதான். கையை விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் தன் பானையைத் தானே சோதிப்பது என்றால் மான் பேச்சைப் பாதி நம்பியதாக ஆகிவிடாதா? லயூசா அதைச் செய்யமாட்டாள். மானின் நெஞ்சுக்குள் ஊற்று எங்கே என்ற விவரம் இருக்கிறது, தன் கூட்டத்துக்காக அதை ஒளித்துவைக்கிறது, வாய் வேறு எதையோ சொல்கிறது. அவள் இப்படி முடிவுகட்டிவிட்டாள். நெஞ்சில் இருப்பதை வாய்க்குக் கொண்டுவர ஒரு வழிதான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

பானையில் வரைந்து நெருப்பில் சுட்டது நிலைத்துவிடும் என்பது அந்தக் காலத்து நிசம். தவளையை வரைந்தால் தவளை ஈரத்தோடு இருக்கும், தட்டானை வரைந்தால் தட்டான் நீர்மேல் பறக்கும். அதனால் மனசு சரியில்லாத நாளில் யாரும் தூரிகையைத் தொடுவதில்லை. கோபத்தில் வரைந்தது கோபமாகவே நிலைத்துவிடுமே. லயூசாவுக்கு இது தெரியாதா? எல்லாம் தெரியும். தெரிந்ததைக் கோபம் கேட்டால்தானே.

புதிதாக ஒரு பானை பிசைய உட்கார்ந்தாள். களிமண் போதவில்லை. மணலும் தீர்ந்திருந்தது. வரம்புக்குப் பின்னால் கொட்டிய ஓடுகளை முணுமுணுத்துக்கொண்டே பொறுக்கி வந்து, இடித்துக் கலந்தாள். இது தண்ணீர் வைக்கிற பானையா என்ன, திருடனைப் பிடிக்கிற பானைதானே, எந்த ஓடாக இருந்தால் என்ன? வனைந்து, காயவைத்து, வெள்ளை மண் பூசி, வழுவழுவென்று கல்லால் தேய்த்தாள். ஓர் இலையின் நுனியை மென்று நாராக்கி, அதைத் தூரிகையாக்கிக் கறுப்பில் மானை வரைந்தாள். கொம்பு, கழுத்து, ஒடுங்கிய வயிறு, எல்லாம் அச்சாக அந்த மானேதான். சும்மா சொல்லக்கூடாது, கைகாரிதான்.

பிறகு சிவப்பைத் தொட்டாள்.

நெஞ்சில் இருப்பது வாய்க்கு வர வேண்டும். இதுதான் அவள் நினைத்தது. அப்படியென்றால் கோட்டை நெஞ்சில் தொடங்கி வாயில் முடித்திருக்க வேண்டும். ஆனால் அவள் கண் முழுக்க அந்த வாய்தான் நின்றது, உன் பானை ஒழுகுது என்று சொன்ன வாய். தூரிகையை முதலில் அங்கேதான் வைத்தாள். வாயிலிருந்து தொண்டைக்கு இழுத்து, தொண்டையிலிருந்து உள்ளே இறக்கி, குத்துகிற மாதிரி நெஞ்சில் ஓர் அம்பு முனை போட்டு முடித்தாள். அதே சூட்டோடு விறகை அடுக்கிப் பானையை உள்ளே வைத்து நெருப்பு மூட்டினாள்.

நெருப்பு கொழுந்துவிட்டு எரிந்தபோது வடக்கே புழுதி கிளம்பியது. மான் ஓடி வந்தது. நுரை தள்ள, மூச்சு இரைக்க, வயல் முழுக்கக் கேட்கும்படி கூவிக்கொண்டே வந்தது.

"லயூசா! ஊத்து கிடைச்சிருச்சு! நல்ல தண்ணி! வடக்கு மலையில, அந்த..."

அதோடு நின்றது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. சொல் வாய்வரை வந்து திரும்பி உள்ளே போவது வெளியே நிற்கிறவர்களுக்கே தெரிந்தது. ஒவ்வொரு முறை வாய் திறந்தபோதும் தொண்டை இறங்கி, நெஞ்சு குத்துப்பட்டதுபோல் துடித்தது. மான் மறுபடி மறுபடி முயன்றது. பிறகு முயல்வதை விட்டுவிட்டது.

பாத்திகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். "எந்தப் பாறை? எந்த இடுக்கு?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"நடிக்குது" என்றாள் லயூசா.

அன்று காலையில்தான் பக்கத்து ஊற்றில் சேறு கலங்கி வந்திருந்தது. இன்னொரு குடம் தேறாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

நெருப்பு ஆறியதும் லயூசா புதுப் பானையை வெளியே எடுத்தாள். பந்தலில் மிச்சமிருந்த தண்ணீரில் பாதியைப் பெரிய பானையிலிருந்து இதற்கு மாற்றினாள். இரண்டிலும் கரிக்கோடு போட்டாள். இரண்டையும் சுற்றிச் சாம்பல் தூவினாள். இன்றைக்கும் மான் வந்து குடிக்கும், எல்லாருக்கும் கூப்பிட்டுக் காட்டலாம் என்பது அவள் திட்டம்.

விடிந்ததும் பார்த்தாள். சாம்பலில் ஒரு குளம்படி இல்லை. புதுப் பானையில் தண்ணீர் கரிக்கோட்டைத் தொட்டுக்கொண்டு அப்படியே நின்றது. பெரிய பானை அடிவரை வற்றிக் கிடந்தது.

அப்போதுதான் குழிக்குள் கையை விட்டாள். மணிக்கட்டுவரை சேறு. பானையைப் புரட்டிப் போட்டு அடியைத் துடைத்துப் பார்த்தாள். தலைமயிர் அளவுக்கு ஒரு கீறல், அடி நெடுக. அக்கா கொடுத்த ஓடுகளைப் போட்டிருந்தால் விழுந்திருக்காத கீறல்.

லயூசா அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது. சிறுபிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதாள். பிறகு எழுந்து ஒரு கல்லை எடுத்துக்கொண்டு மான் வரைந்த பானையிடம் போனாள்.

கியாசி பாய்ந்து வந்து கையைப் பிடித்தாள். "என்ன செய்யப் போற?"

"உடைக்கிறேன் அக்கா. கோடு போயிட்டா பேச்சு வந்துரும்."

"கோட்டோட சேர்த்து அந்த நெஞ்சையும்தான் வரைஞ்சு சுட்டிருக்க. பானை உடைஞ்சா நெஞ்சு என்னாகும்?"

லயூசா கல்லைக் கீழே போட்டாள். உடைக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. சுட்டது சுட்டதுதான்.

மான் போய்விடவில்லை. வடக்கே போகிற தடத்தில், கூப்பிடு தூரத்தில் நின்றிருந்தது. மக்கள் பார்த்ததும் கொஞ்சம் நடந்தது, நின்றது, திரும்பிப் பார்த்தது. வரச் சொல்கிறது என்றான் நாயூட்டி. மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வாயில் சொல் இருந்தவரை நம்பியவர்கள் இப்போது எதைக் கேட்டு நம்புவது? அழைத்துப் போய்த் தண்ணீர் இல்லாத பாறைக்காட்டில் விட்டுவிட்டால்? அப்படிப் பழிவாங்கினாலும் தப்பு என்று யார் சொல்ல முடியும்? ஒருவரும் அடி எடுத்து வைக்கவில்லை.

லயூசா மான் வரைந்த பானையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு முதலில் நடந்தாள். மற்றவர்கள் வெகு தூரம் பின்தங்கி, திரும்பி ஓட வசதியாக வந்தார்கள்.

வழி நெடுகச் சந்தேகமும் கூடவே வந்தது. பழகிய புத்தி எங்கே போகும்? மான் இடதுபுறம் திரும்பினால் ஏன் இடதுபுறம் என்று தோன்றியது. பள்ளத்தில் இறங்கினால் குழியில் தள்ளப் போகிறது என்று தோன்றியது. புல் பூண்டு இல்லாத பாறை இடுக்குக்குள் அது நுழைந்தபோது, அவ்வளவுதான், முடிந்தது என்று நின்றுவிட்டாள். மானும் நின்றது. "சத்தியமா தண்ணி இருக்கா?" என்று கேட்டாள். அது பதில் சொல்ல முடியாது என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

இடுக்கு முடிகிற இடத்தில் பாறை பிளந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வயலுக்கும் ஊருக்கும் மழை வரும்வரை போதும், அவ்வளவு தண்ணீர். பின்னால் வந்தவர்கள் கத்திக்கொண்டு ஓடிவந்து முகத்தை அதில் அமிழ்த்தினார்கள்.

லயூசா குடிக்கவில்லை. பானையை இறக்கி வைத்துவிட்டு மானின் எதிரே போய் நின்றாள். "தப்பு என்னுது. என் பானைதான் ஒழுகுச்சு. என்னை மன்னிச்சிட்டியா?"

மான் அவளைப் பார்த்தது. தொண்டையில் ஏதோ ஏறி, மறுபடி கீழே இறங்கியது. மன்னித்தேன் என்றதா, மாட்டேன் என்றதா? அவளுக்குத் தெரியவில்லை. அதன் நெஞ்சில் இருப்பதைத் தெரிந்துகொள்ளத்தானே அவ்வளவும் செய்தாள். கையெட்டும் தூரத்தில் அந்த நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது, அதற்குள் அவளுக்கான பதில் இருந்தது, அது வெளியே வரவே போவதில்லை. லயூசா ஓர் அடி முன்னால் வைத்தாள். மான் சட்டென்று திரும்பிப் பாறைமேல் தாவி மறைந்தது.

இதைக் கண்ட மற்ற மிருகங்கள் தங்களுக்குள் கூடிப் பேசின. மனிதர் கையில் தூரிகை இருக்கிறது, நாளைக்கு யார் வாயில் கோடு விழுமோ என்று பயந்து, அன்றோடு நம்மிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டன. அண்டங்காக்கைதான் முதலில் வாயை மூடியது.

லயூசா அதன் பிறகு எத்தனையோ பானை செய்தாள். மானை வரையும்போதெல்லாம் அந்தச் சிவப்புக் கோட்டையும் வரைந்தாள். சொல் உள்ளே போன வழி அது ஒன்றுதான், திரும்பி வந்தால் அந்த வழியாகத்தான் வர வேண்டும், அது தூர்ந்துவிடக் கூடாது என்பாள். மற்றப் பெண்களும் அப்படியே வரைந்தார்கள். பிற்பாடு வந்தவர்களும் விடவில்லை. வழி திறந்தேதான் இருக்கிறது. சொல் மட்டும் இன்னும் வரவில்லை.

மான் மனிதரைக் கண்டால் உடனே ஓடாமல் ஒரு கணம் காதை விறைத்து நின்று பார்ப்பதும் அந்த நாளிலிருந்து வந்த பழக்கம்தான். நாம் எதற்கு வந்திருக்கிறோம் என்று அது யோசிக்கிறது. நல்லதுக்கு என்று நாம் சொன்னாலும் நம்புவதில்லை.